உன் அத்தானின் நீள லென்ஸ்

மட்டக்களப்பு, 1942

தம்பி மரியாம்பிள்ளை,

நீ சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். என்னைப் பொலிஸார் அடைத்துவைத்ததாக மன்னாரில் சொல்வது பொய். விசாரித்தார்கள், அவ்வளவுதான்.

பாடசாலைப் புத்தகத்துக்காகக் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் படமெடுத்தேன். சின்ன லென்ஸில் அக்கரைத் தென்னைகள் தீக்குச்சிகளாய்த் தெரிந்தன. அதனால் காலஞ்சென்ற உன் அத்தானின் நீள லென்ஸைக் கமெராவில் பூட்டினேன். யுத்தகாலம் என்பதை மறந்தது என் பிழை.

“இந்த வயசில இவ்வளவு நீளக் குழாய் எதுக்கம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“தென்னையைக் கிட்டப் பார்க்க.”

“அப்ப கப்பலையும் கிட்டப் பார்க்கலாம்தானே?”

லென்ஸில் ஜெர்மன் எழுத்து வேறு இருந்தது. திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். வாசற்படலை அசைந்தாலே எழுந்து நிற்கிறேன்.

படத்தில் முகில் தெளிவாய் விழ லென்ஸில் மாட்டவென்று நான் கேட்ட மஞ்சள் கண்ணாடியை அனுப்பாதே, பார்சலைப் பிரிப்பார்கள். லென்ஸ் அத்தான் யுத்தத்துக்கு முன்பே வாங்கியது என்று கையெழுத்திட்டு, உடனே பதில் எழுது.

அக்கா
எலிசபெத்