நிறுத்தி வைத்த மாத்திரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதற்கு மேல் சொல்வதற்கில்லை. போனில் பேசினால் தம்பி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே கிடக்கிறான், அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி தேறிவிட்டான் என்று போன வாரம் உன்னிடம் துள்ளிக் குதித்தேனே, அது தேறியது இல்லைடி. ரத்தப் புற்றுக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பும்போதே, எடை ஏறினால் உடனே போன் பண்ணுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். நல்ல சேதி கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன், அடுத்த தடவை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கன்னம் உப்பியது, சட்டை இறுகியது. தையல்காரிக்கு வேறென்ன வேண்டும், பள்ளிக்கூடச் சட்டைகளின் பக்கத் தையலையெல்லாம் பிரித்து அகலமாக்கினேன். மூச்சு வாங்குகிறது என்றான், சதை போட்டால் அப்படித்தான் இருக்கும் என்றேன். அத்தனையும் நீர். இப்போது மறுபடி ஆஸ்பத்திரியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நீ முன்பு சொன்னதைத்தான் டாக்டரம்மாவும் சொன்னார். புற்றை வளர்க்கிற ஜீன் ஓயாமல் வேலை செய்ய, ரத்த அணுக்களை முதிரவைக்கிற ஜீன்கள் பூட்டிக் கிடந்தனவாம். மாத்திரை பூட்டைத் திறந்துவிட்டது, அணுக்களெல்லாம் ஒரேயடியாக முதிர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டன. மருந்து வேலை செய்ததால் வந்த வினை. மாத்திரையை நிறுத்தி ஊசி போடுகிறார்கள். நிறுத்தியே வைத்தால் மறுபடி பூட்டு விழுந்துவிடும், கொடுத்தால் மூச்சு தாங்காது. எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டால் "பார்க்கலாம்மா" என்கிறார். அப்பா வருகிறவர்கள் போகிறவர்களை எல்லாம் கேட்டுவிட்டு வராந்தாவில் போய் நிற்கிறார். நீ இதே அணுக்களை வருஷக்கணக்காக ஆய்வுக்கூடத்தில் தட்டில் வளர்த்துப் பார்க்கிறவள், எப்போது கொடுக்கலாம் என்று உனக்காவது தெரியுமா? தட்டில் இருக்கிற அணுவுக்கு மூச்சுத் திணறாது, எனக்கும் தெரியும், ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. கிளம்பி வா என்று சொல்ல வாய் வரவில்லை, வராதே என்று சொல்ல மனசும் இல்லை.

நோய்நொடி உன்னை அண்டாமல், எடுத்த காரியம் கைகூடி நன்றாக இரு கண்ணே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, தம்பியிடம் மாத்திரை பற்றிப் பேச்சே எடுக்காதே. நிறுத்தியது அவனுக்குத் தெரியாது. இன்று காலை வயிற்று எரிச்சலுக்குக் கொடுத்த மாத்திரையை அந்த மாத்திரை என்றே நினைத்து விழுங்கிவிட்டு, நீ சொல்லிக்கொடுத்தபடியே நெஞ்சைத் தட்டி உள்ளே இருக்கிற அணுக்களிடம், "விளையாடினது போதும், சீக்கிரம் வளருங்கடா" என்றான். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

இப்படிக்கு,
உன் அம்மா