மே மாதம் வந்துவிடுகிறேன்

மார்ச் 4

அன்புள்ள கண்ணாடிக் கடை முதலாளிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நான் இல்லாமல் நீங்கள் நலமாக இருந்தால் எனக்குக் கோபம் வரும்.

இங்கே விமானத்தின் இறக்கையை மேலும் கீழும் வளைத்துக்கொண்டே இருக்கிறோம். இருபது வருஷம் பறந்தால் எத்தனை முறை வளையுமோ, அத்தனையையும் இந்தக் கொட்டகைக்குள்ளேயே வளைத்துப் பார்த்துவிட வேண்டும். முக்கால்வாசி முடிந்தது. மணிக்கொரு தரம் ஏணியில் ஏறிப் பார்க்கிறேன், உட்கார முடியவில்லை. அறைக்கு வந்தாலும் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. "மேல யாரும்மா நாள் பூரா நடக்குறது?" என்று கீழ்வீட்டம்மாள் கேட்டே விட்டார்.

சோதனை முடிந்ததும், மே மாதம் வந்துவிடுகிறேன். நிச்சயம்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 15

எஞ்சினியரம்மாவுக்கு,

"நிச்சயம்" என்று போன வருஷமும் எழுதியிருந்தாய். போனில் பேசினால் உன் பாதிக் காது இறக்கையிடம் இருக்கிறது. அதனால்தான் தாளும் பேனாவும்.

கல்லூரி முதல்வர் நேற்றும் கடைக்கு வந்தார். "உங்க வீட்டம்மாவுக்காகத்தான் அந்த வாத்தியார் வேலைய யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன். ஜூன் தாண்டினா என் கையில இல்லைங்க" என்றார். விண்ணப்பம் அனுப்பினாயா?

மூன்று வருஷமாகத் தனிச்சமையல். நான் சமைப்பதைப் பூனைகூட மதிப்பதில்லை.

உன்னவன்

ஏப்ரல் 26

அன்புள்ள உங்களுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதீர்கள்.

இறக்கை உடலோடு சேரும் இடத்தில், ஒரு போல்ட் துளையோரம் விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்தேன். மயிரிழைபோல் ஒரு சிவப்புக் கோடு நின்றது. விரிசல்.

மேலாளர் பார்த்துவிட்டு, "சாயம் சரியா துடைபடலைம்மா. ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார்.

"மூணு தடவ துடைச்சுட்டேன் சார்."

"போடப் போறியா இல்லையா?"

போடவில்லை. மறுநாளே என்னைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வேலையே இல்லாத ஒரு மேசையில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் விரிசல் இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்துவிட்டது. எனக்குப் பதிலாக வந்தவரே சோதனையை நிறுத்தினார். மேலாளரை மாற்றிவிட்டார்கள்.

அந்த இணைப்பைப் புதிதாக வடிவமைத்து, முதலிலிருந்து வளைக்க வேண்டும். ஒன்றரை வருஷம் ஆகும். என்னைத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். உங்களைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன்.

உங்கள்
நான்

மே 3

உனக்கு,

கடிதம் வந்தபோது கடையில் ஆள் இருந்தது. "நீக்கிவிட்டார்கள்" என்ற வரிவரை படித்து மடித்து வைத்தேன். அன்று பூராவும் சீட்டியடித்துக்கொண்டே லென்ஸ் தேய்த்தேன். "என்ன தம்பி, வீட்ல விசேஷமா?" என்றார் ஒரு பெரியவர். "ஆமாங்க, என் சம்சாரம் வந்துடுவா" என்றேன்.

சாயங்காலம்தான் மீதியைப் படித்தேன். நீ அவமானப்பட்டு உட்கார்ந்திருந்த நாட்களுக்காக நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதை மறைத்து வாழ்த்து எழுத எனக்குக் கை வரவில்லை.

நான்

மே 9

அன்புள்ள உங்களுக்கு,

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. தெருக்கோடிவரை இரண்டு தடவை போய் வந்தேன். அப்புறம்தான், நான் மட்டும் யோக்கியமா என்று தோன்றியது.

விண்ணப்பத்தை நான் எழுதவே இல்லை. ஒன்றரை வருஷம் கழித்தும் வர மாட்டேன். இந்த இறக்கை முடிந்தால் அடுத்த இறக்கை. மே, மே என்று சொன்னதெல்லாம் உங்களை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில். இனி வாசலைப் பார்த்து உட்காராதீர்கள். பதில் எழுதப் பிடிக்காவிட்டால் எழுத வேண்டாம்.

நான்தான்

மே 20

எஞ்சினியரம்மாவுக்கு,

அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி முதல்வரிடம் சொல்லிவிட்டேன். என்ன ஏது என்று கேட்டார். அவர் கண்ணாடியை நன்றாகத் துடைத்துக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். நாலு நாள் கடைக்குப் பூட்டு. சமாதானம் பேச வரவில்லை, சண்டை போடத்தான் வருகிறேன். இது எழுதித் தீருகிற சண்டை இல்லை.

ஸ்டேஷனுக்கு வராதே. கொட்டகை வாசலில் நிற்கிறேன். வேலையை முடித்துவிட்டே வா.

உன்னவன்