நீலக் கோப்பும் மஞ்சள் கோப்பும்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? உன் அண்ணி சுகம். நான்தான் நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பாடு இறங்காமல் திரிகிறேன்.

ஜனாதிபதி என்னை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப் போகிறாராம். இருபத்து நான்கு வருஷமாக அவர் அலுவலகத்தில் சட்டவரைவு எழுதுகிறவன், ஒரு வழக்கைக்கூட விசாரிக்காதவன்! “எனக்கு அனுபவம் இல்லீங்க” என்றேன். “அதனாலதான்யா உன்னை எடுக்கறேன்” என்று தோளைத் தட்டிச் சிரித்தார் பெரியவர். ஏன் என்று எனக்குப் புரிகிறது. விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்து வைக்கிற சட்டம் செல்லுமா என்ற வழக்கு, அடுத்த மாதம் அதே நீதிமன்றத்துக்கு வருகிறது. அந்தச் சட்டத்தை எழுதியவன் நான்.

பத்திரிகைகள் கேலி செய்கின்றன. இருபத்திரண்டு வருஷமாக மாவட்ட நீதிபதியாக இருக்கிற தங்கை எனக்காக ஒரு பேட்டி கொடுத்தால் ஊர் வாய் அடங்கும் என்று ஜனாதிபதியின் செயலாளர் சொல்கிறார். கொடுப்பாயா? அதைவிட முக்கியம், உண்மையைச் சொல். என்னால் முடியுமா?

உன் அண்ணன்


மார்ச் 8

அன்பு அண்ணா,

நாலு மாதமாகக் கேட்காத முழங்காலை இப்போது கேட்கிறாய். காரியம் இருந்தால்தான் தங்கை ஞாபகம் வரும் உனக்கு. போகட்டும்.

உன் கடிதத்தை நீதிமன்ற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். உறையின் ஓரத்தைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தது. நீ ஒட்டியதா?

பேட்டி இருக்கட்டும். என்னுடைய பழைய வழக்கு ஒன்றின் ஆவணக் கட்டை, நான் எழுதிய தீர்ப்பை மட்டும் உருவிவிட்டு அனுப்புகிறேன். கிடங்குக் காவலாளி ஒருவன் கூட வேலை செய்தவனைக் கொன்றான் என்று வழக்கு. பார்த்த சாட்சி ஒரே ஒருத்தி, அவளுக்கும் கண் மங்கல். நீயே முடிவு செய்து தீர்ப்பு எழுதி அனுப்பு. படித்துவிட்டு உன்னால் முடியுமா என்று சொல்கிறேன்.

உன் வாயாடி


மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

உறையைப் பிரித்தது நானில்லை. இனிமேல் உன் அண்ணியின் அக்கா வீட்டு முகவரிக்கு எழுது. இதையும் அங்கிருந்துதான் அனுப்புகிறோம்.

எதிர் வீட்டு மதிலோரம் மூன்று நாளாக ஒரு சாம்பல் நிறக் கார் நிற்கிறது. பாதுகாப்புக்காம். “பதவி வேணாம்னு சொல்லிட்டா என்ன ஆகும்?” என்று செயலாளரை விளையாட்டாகக் கேட்டேன். “அப்படிச் சொன்ன யாரையும் நான் பாத்ததில்ல சார்” என்றார். புலி வாலைப் பிடித்த கதைதான். பிடித்திருக்கவும் பயம், விடவும் பயம்.

நீ அனுப்பிய காவலாளி வழக்கை முடித்துவிட்டேன். நீலக் கோப்பில் ஆயுள் தண்டனை, மஞ்சள் கோப்பில் விடுதலை. ஒவ்வொன்றும் பத்தொன்பது பக்கம், ஓர் ஓட்டையும் கண்டுபிடிக்க முடியாது. பெரியவருக்கும் எப்போதும் இப்படி இரண்டு வரைவாகத்தான் கொண்டுபோவேன், அவர் ஒன்றை எடுத்துக்கொள்வார். நீயும் எது வேண்டுமோ எடுத்துக்கொள்.

உன் அண்ணன்


மார்ச் 21

அண்ணா,

இரண்டையும் படித்தேன். நீலத்தைப் படித்தால் அவன் கொலைகாரன். மஞ்சளைப் படித்தால் அப்பாவி. உள்ளே இருப்பவன் ஒரே ஆள் அண்ணா. அவனுக்கு நான் கொடுத்தது ஆயுள். கையெழுத்துப் போட்ட அன்று பேனா பிடிக்க முடியாமல் என் கை உதறியதைப் பார்த்து பெஞ்ச் கிளார்க் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். செய்தது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உனக்குக் கை நடுங்கியதா? முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இல்லையே.

இத்தனை வருஷமும் மதில்மேல் பூனையாகவே இருந்துவிட்டாய். எந்தப் பக்கம் குதிப்பது என்று பெரியவர்தான் சொன்னார். நாளைக்கும் அவரே சொல்வார், அதற்குத்தான் உன்னைத் தேடிப் பிடித்திருக்கிறார். எனக்கு உன்மேல் கோபமில்லை. உன்னை நினைத்தால் பயமாக இருக்கிறது, உன் முன்னால் வந்து நிற்கப் போகிறவர்களை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

நான் பேட்டி கொடுக்க மாட்டேன்.

தங்கை


மார்ச் 27

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் சண்டை போட்டேன், உன்னோடு. தோற்றது நான்தான்.

பழக்கதோஷம், பெரியவருக்கும் இரண்டு கடிதம் எழுதினேன். நீலத்தில் சம்மதம், மஞ்சளில் மறுப்பு. உன் அண்ணியிடம் நீட்டி, “எதைக் கொடுக்கட்டும்?” என்றேன். “எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு. உங்க கழுத்து, நீங்களே பாருங்க” என்று போய்விட்டாள்.

நீலத்தைக் கிழித்தேன். மஞ்சளில் கையெழுத்துப் போடும்போது கை உதறிய உதறலில் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. இருபத்து நான்கு வருஷத்தில் என் பெயரே கோணிப்போனது இன்றைக்குத்தான். காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். செயலாளர் படித்துவிட்டு, “வீட்லயே இருங்க சார்” என்றார். இப்போது வாசலில் கார் இரண்டாகிவிட்டது.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 4

அன்பு அண்ணா,

எட்டு நாளாக உன் போன் அடிக்கவில்லை. அண்ணியும் எடுக்கவில்லை. அவள் அக்கா உங்கள் வீடு வரை போய்ப் பார்த்தாராம், வெளியே பூட்டு, காரும் இல்லை. இதை எங்கே அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன்.

நீ பதவியைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டதாக இன்றைய பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது. உன் சம்மதக் கடிதத்தையே படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு கோடுகூடக் கோணவில்லை.

அது நீ போட்டதில்லை.

செயலாளர் காலையில் எனக்குப் போன் செய்தார். “அண்ணனுக்காக நாலு வார்த்தை பேசுங்கம்மா” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு என் நீதிமன்ற வாசலுக்குப் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். உன் மார்ச் 27 கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிக்கப் போகிறேன். பிறகு என் அண்ணன் எங்கே என்று கேட்பேன்.

இதை எழுதும்போதே என் கை உதறுகிறது, பார், வரியெல்லாம் கோணலாகப் போகிறது. நீ எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு.

உன் வாயாடி