கருவாடு பிடிக்காதவளின் கொப்பி

மொழி படிப்பித்த சேர் அச்சடித்த பயிற்சிப் புத்தகத்தை இன்று விரித்ததும் மை வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. ஐந்தாம் பக்கத்தில் உன் வசனம் கிடந்தது, புள்ள.

ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போகவென்று, பெரியகல்லாற்றிலிருந்து நீயும் சித்தாண்டியிலிருந்து நானும் மட்டக்களப்பு டவுனுக்கு மொழி படிக்க வந்தோம். ஒன்று பிடிக்கும், பிடிக்காது என்று சொல்வதானால் அதன் பின்னால் 'கா' போட வேண்டும் என்று சேர் சொன்னபோது வகுப்பே முழித்தது. நீ மட்டும் சிரித்தாய். "நாம பொறந்த நாள்ல இருந்து நம்மட ஊர்ல வாகா, போகா எண்டுதானேகா கதைக்கிறம்."

மீன்பிடிக்காரரின் மகள் நீ. ஆனால் கருவாட்டு வாடை பட்டால் மூக்கைப் பொத்துவாய். கொப்பி முழுக்க அருவருப்பைத்தான் எழுதினாய். கருவாடு கா கிராய். நுளம்பு கா கிராய். வாவிக்கரை நாற்றம் கா கிராய். கிராய் என்றால் பிடிக்காது. "வெறுத்தத எழுதினாத்தான் மறக்காதுகா" என்பாய். அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் நாங்கள் பாதிப்பேர் சோதனையில் தேறினோம்.

நுளம்பு கடித்து டெங்கு உன்னைக் கொண்டுபோன பிறகு, "பிள்ளைட நினைவா அச்சடிப்பம்" என்று சேர் கேட்டார். அவரை நம்பி, என்னிடம் இருந்த உன் கொப்பியை நான்தான் கொடுத்தேன். இப்போது அட்டையில் அவர் பெயர், அவர் படம். உள்ளே எங்கும் உன் பெயர் இல்லை. போதாக்குறைக்கு, பிடிக்காததெல்லாம் பிடித்ததாகிவிட்டது. வாவிக்கரை நாற்றம் வாவிக்கரைக் காற்றாகிவிட்டது. உனக்குக் கருவாடு பிடிக்குமாம். தூ.

"சேர், இது அவள்ட கொப்பியெல்லோ" என்றேன்.

"செத்த பிள்ளைக்குப் பேர் போட்டு என்ன வரப்போகுது? வெறுப்பப் படிச்சிட்டுப் போனா ஜப்பான்காரன் வேலை தருவானா? உன்ட நேர்முகத்துக்கும் நான்தானே கடிதம் தரணும்."

"ஓம் சேர்" என்றேன். அந்த ஓமை நினைக்க நினைக்க, அவரைவிட என்மேல்தான் அருவருப்பாக இருக்கிறது.

கொப்பியை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கடைசிப் பக்கத்தில் நீ எழுதியது அப்படியே இருந்தது: எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டுற ஆள் கா கிராய். நீ அதை எழுதிய அன்றைக்கு, "என்னையாகா?" என்று கேட்டேன். நீ பேனையை மூடினாய்.

புத்தகத்தில் அந்த வசனத்தையும் மாற்றியிருக்கிறார். அங்கே உனக்கு என்னைப் பிடிக்கிறது. கொப்பி என் பையில் இருக்கிறது. அதில் இன்னும் பிடிக்கவில்லை.