மகள் வளர்க்கும் வால்வு

சென்னை
3.6.2024

அன்புள்ள அத்தாவுக்கு,

ஹஃப்ஸாவின் ஸலாம். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீங்கள் "கடையில ஆளு நிக்கிது" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

தஞ்சாவூர் டாக்டர் என்ன சொன்னார்? இதய வால்வு இறுகிவிட்டது, ரத்தம் போக வழியில்லை, மாட்டுத் திசுவில் செய்த வால்வை உடனே வைக்க வேண்டும் என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "எம் மவ வளத்துக்கிட்டிருக்கா, வந்ததும் வச்சுக்கிறேன்." மாடி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறீர்களாம். அம்மா போனில் அழுகிறார்கள்.

அத்தா, எங்கள் ஆய்வகத்தில் உயிரணுக்களை எடுத்து, வலை மாதிரி ஒரு சட்டத்தில் விதைத்து, வால்வாக வளர்க்கிறோம். அது உண்மைதான். ஆனால் இப்போதுதான் ஆட்டுக்கு வைத்துப் பார்க்கிறோம். மனிதருக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும். தயவுசெய்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்கள்.

உங்கள் மகள்,
ஹஃப்ஸா

கூத்தாநல்லூர்
8.6.2024

அன்பு மகளுக்கு,

அத்தாவின் ஸலாமும் துஆவும். கடிதம் கிடைத்தது. பெற்றவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறாய். படித்தவள், கேட்பாய்.

ஜவுளிக்கடைக்காரன் மகளுக்குப் போணியைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? பஜாரில் யார் புதுக்கடை திறந்தாலும் முதல் வியாபாரத்துக்கு என்னைத்தானே கூப்பிடுகிறார்கள்? ஊரார் கடைக்கெல்லாம் போணி செய்தவன், பெற்ற மகளுக்குச் செய்ய வேண்டாமா? அதற்குள் வேறொருவன் சரக்கை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்கிறாய். ஆட்டுக்கு ஆவது எனக்கு ஆகாதா?

நம் வாடிக்கை ஜெயபாரதி அம்மாவுக்கும் இதே கோளாறாம். ஆபரேஷனுக்கு நாள்கூடக் குறித்தாயிற்று. "அவசரப்படாதீங்கம்மா, எம் மவளோடது வரட்டும்" என்றேன். அவரும் தள்ளிப்போட்டுவிட்டார். உனக்கு இப்போதே இரண்டு பேர் உறுதி.

பக்ரீதுக்கு வந்துவிடு. கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, வேறொன்றுமில்லை.

அத்தா,
இப்ராஹிம்

சென்னை
12.6.2024

அத்தா,

தலையில் அடித்துக்கொள்வதா, சுவரில் முட்டிக்கொள்வதா, எனக்குத் தெரியவில்லை. உங்கள் உயிரோடு விளையாடுவது போதாதென்று ஜெயபாரதி அம்மாவை ஏன் இழுத்தீர்கள்?

சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவைத்திருந்தேன். போன வாரம் எங்கள் ஆடு செத்துவிட்டது. வால்வின் மூன்று இதழில் ஒன்று சுருங்கி, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல், ரத்தம் பின்னுக்குக் கசிந்தது. அந்த இடத்தில் உங்களை நினைத்துப் பார்த்தேன். ஆய்வகத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இதற்குத்தான் போணி செய்யப்போகிறீர்களா? கிழிசல் துணியை யாருக்காவது விற்றிருக்கிறீர்களா நீங்கள்? அந்த அம்மாவிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். பக்ரீதுக்கு நான் வரவில்லை. வந்தால் சண்டைதான் நடக்கும்.

கூத்தாநல்லூர்
19.6.2024

அன்பு ஹஃப்ஸாவுக்கு,

ஸலாம். கையெழுத்துக்கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். பெருநாள் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை.

ஜெயபாரதி அம்மா வீட்டுக்குப் போனேன். ஆடு செத்ததைச் சொன்னேன். "நான் சொன்னது தப்பும்மா, நீங்க போய் ஆபரேஷன் பண்ணிக்குங்க" என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "நீங்க எப்ப பாய் பண்ணிக்கப்போறீங்க?" செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். இன்றுவரை அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. என் பேச்சை நம்பி உட்கார்ந்திருக்கிறார். நான் போனால்தான் அவர் போவார்.

தேதி வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை சேர்கிறேன். மாட்டு வால்வுதான். "பன்னி இல்லையே, மாடுதானே?" என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டதில் டாக்டருக்கே சலித்துவிட்டது.

ஒன்றை மட்டும் உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நெஞ்சைப் பிளப்பார்கள் என்று நினைத்தால் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மகளுடைய வால்வு வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அந்த மேசையில் படுக்க வேண்டியதில்லை அல்லவா? எனக்குப் பயமாக இருக்கிறது, ஹஃப்ஸா. லீவு போட்டுவிட்டு வா. வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். கதவுக்கு வெளியே நீ நிற்கிறாய் என்று தெரிந்தால் உள்ளே போய்விடுவேன்.

அத்தா