மருமான் கேட்ட டிஸ்க்

அன்பு மகள் ஜானெர்கேவுக்கு, கராகண்டாவிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். குடும்பப் படங்களைச் சேமிக்க நீ செருப்பு அலமாரியில் வைத்துவிட்டுப் போன சர்வரும் இப்போது சுகம், நடுவில் ஒரு வாரம் அதற்கும் சுகமில்லை, எனக்கும் சுகமில்லை. லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். அங்கே மழை பெய்தால் குளிர்காலம் என்கிறீர்களாம், அம்மா அதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தாள். இங்கே பால்கனியில் தொங்கும் குதிரை இறைச்சியைக் கோடரியால்தான் வெட்டுகிறோம்.

அந்தச் சர்வர் கிழடு, அணைத்துவிட்டு இணையத்தில் வாடகைக்கு இடம் எடுத்துப் படங்களை அங்கே போடலாம் என்று நீ போனில் சொன்னாய். கிழடானதை எல்லாம் அணைப்பதென்றால் இந்த வீட்டில் முதலில் யாரை அணைப்பது என்று நான் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து, உள்ளே கம்பளிபோல் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் எடுத்தேன், முனகிக்கொண்டிருந்த ஃபேனை மாற்றினேன், மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரியையும் புதிதாகப் போட்டேன். மிச்சம் மென்பொருள். நீ போட்ட பதிப்பை அதைச் செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள், பூட்டு ரிப்பேர் செய்ய ஆளில்லாத வீடு மாதிரி. ஒரே தாவாகப் புதியதற்குத் தாவ முடியாது, படிப்படியாக ஏறவேண்டும் என்று வழிமுறையில் போட்டிருந்தது. வேதநூல்கள் கடவுளைப் புகழ்ந்து தொடங்குகின்றன, இந்த வழிமுறை ‘முதலில் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்கில் நகல் எடு’ என்று தொடங்குகிறது. நகல் டிஸ்க்கைத் தேடினேன். அப்போதுதான் உன் அத்தை மகன் எர்கெபுலான் ஞாபகம் வந்தான்.

இலையுதிர்காலத்தில் வந்திருந்தான். கல்யாண வீடியோ எடுக்கிறானே, தொழில் நன்றாக நடக்கிறது, உடம்பும் அதற்கேற்ப வளர்ந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டே, “மாமா, அந்தப் பெட்டி மேல ஒரு டிஸ்க் சும்மா தூங்குதே, அத எனக்குக் குடுத்துடுங்க” என்றான். தாய்மாமன் வீட்டில் மருமான் கேட்டதை இல்லை என்று சொன்னவர் நம் வம்சத்தில் யாரும் இல்லை. என் தாத்தா மருமானுக்குப் பந்தயக் குதிரையையே கொடுத்துவிட்டு நடந்து போனவர். இவன் குதிரை கேட்காமல் டிஸ்க் கேட்டானே என்று மனம் குளிர்ந்து, துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். உலகத்தில் இருந்த ஒரே நகல் அது. இப்போது போன் செய்து கேட்டால், “அதுலயா மாமா? இருந்ததெல்லாம் அன்னிக்கே தொடச்சிட்டேனே. இப்ப மூணு கல்யாணமும் ஒரு சுன்னத்தும் இருக்கு. அனுப்பவா, பார்க்கிறீங்களா?” என்கிறான்.

அன்று மாலையே சர்வருக்குள் இருக்கும் டிஸ்க் டிக் டிக் என்று நாக்கைச் சொடுக்கத் தொடங்கியது. அம்மா தாவரவியல் வேலையில் இருந்த காலம் முழுக்கப் புல்வெளியில் முழங்காலிட்டு எடுத்த காட்டுத் துலிப் படங்கள் அத்தனையும் அதில்தான். பாதி இடங்கள் இப்போது சுரங்கம், மறுபடி எடுக்கலாம் என்றால் பூவும் இல்லை, மண்ணும் இல்லை. அந்தப் பூக்களைப் பற்றி அவள் எழுதும் புத்தகத்துக்காகப் படங்களை வசந்தத்துக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அணைத்து வைக்கவும் பயம், கிழட்டு டிஸ்க் படுத்தால் எழுவது நிச்சயமில்லை. அவ்வளவு பெரிய டிஸ்க் இங்கே கடையில் கிடையாது, ஆல்மாட்டியிலிருந்து வரவேண்டும், பனிப்புயலில் சாலை மூடிக்கிடந்தது. அம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. தேநீரை ஊதிக் குடித்துவிட்டு, “உங்களுக்கும் ஒரு அம்மா இருந்தாங்க இல்ல? அவங்க பொறந்த வீட்டுக்கு நீங்களும் மருமான்தானே? போய் வாயத் தொறந்து கேளுங்க” என்றாள்.

பக்கத்து ஊரான தெமிர்தாவுக்குப் போகும் சாலை மட்டும் காலையில் திறந்ததும் முதல் பேருந்தில் போனேன். என் தாய்மாமன் மகன் துய்செபெக் தன் கடைக்குக் காவல் கேமரா வைக்கப் பெரிய டிஸ்க் வாங்கியிருப்பது எனக்குத் தெரியும். உரிமையைக் கேட்க வந்திருக்கிறேன் என்றதும் அவன் மனைவி சிரிப்பை அடக்கச் சமையலறைக்கு ஓடினாள். “அத்தான், இந்த வயசுல மருமான் உரிமையா? பல்லு எத்தனை மிச்சம்னு காட்டுங்க, அப்புறம் பேசலாம்” என்றான். பல்லுக்கும் உரிமைக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை என்றேன். என்ன வேண்டும் என்றான். சொன்னேன். முகம் தொங்கிவிட்டது. “பிரிச்சுக்கூடப் பார்க்கலியே அத்தான். குதிரை கேளுங்க, இப்பவே ஓட்டிக்கிட்டுப் போங்க” என்றான். பேருந்தில் குதிரையை ஏற்றமாட்டார்கள் என்று விளக்கினேன். கொடுத்தான். வழக்கம் நல்ல வழக்கம்தான், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நகல் ஓடிய நேரம் முழுக்க அம்மா அலமாரிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். டிஸ்க் சொடுக்கும்போதெல்லாம், பிரசவம் பார்ப்பவள் மாதிரி “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்றாள். எல்லாம் வந்து சேர்ந்தது, சரிபார்த்தேன், ஒரு படமும் குறையவில்லை. மறுநாள் பழைய டிஸ்க் மௌனமாகிவிட்டது. ஆல்மாட்டி சாலையும் திறந்து அங்கிருந்து டிஸ்க்குகள் வந்ததும் உள்ளே புதியதைப் போட்டு, படிப்படியாக ஏறி, மென்பொருளை இன்றைய பதிப்புக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் பத்து வருஷம் ஓடும். ஆகவே அணைக்கும் பேச்சை விடு. ஆனால் ஒரு வீட்டில் மட்டும் நகல் வைக்கக்கூடாது என்பது புரிந்துவிட்டது, இந்தக் கடிதத்தோடு பக்கத்து வீட்டு சாகிலா கொண்டுவரும் பொட்டலத்தில் உனக்கும் ஒன்று இருக்கிறது. ஈரம் படாத இடத்தில் வை, வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, நிறைந்த சட்டியோடு, வெளிச்சமான வீட்டில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாப்பிள்ளையின் அக்காள் பிள்ளைகள் ஞாயிறுதோறும் உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நம் வழக்கங்களை அங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொடு என்று உன்னை எத்தனையோ முறை வற்புறுத்தியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ஒரின்பாய்