வடித்துணியில் ஒன்றுமில்லை

சிற்றேரிப்பட்டு
22-9-1964

அன்புள்ள செல்லப்பா,

நலம். உன் நலமும் மங்கையின் நலமும் அறிய ஆவல். மூன்று மைல் தூரத்தில் இருந்துகொண்டு தபால் போடுகிறானே என்று சிரிப்பாய். நேரில் வந்தால் காபி கொடுத்து, பள்ளிக்கூடக் கதை பேசி, விஷயத்தை மழுப்பி அனுப்பிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன்.

உங்கள் ஊராட்சியும் எங்கள் ஊராட்சியும் ஆடியில் கூடித் தீர்மானம் போட்டோமே, என்ன ஆயிற்று? மழை பிடிக்கும் முன் இரண்டு ஊரும் சேர்ந்து மழைநீர்க் கால்வாயைக் கோட்டை மலையடியிலிருந்து எங்கள் ஏரி வரை நடந்து பார்ப்பது, எவன் கழிவு விட்டாலும் அடைப்பது, உங்கள் ஊராட்சி சார்பில் உறுப்பினர் நீ பொறுப்பு என்று பேச்சு. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் தனியாகக் கால் வைக்கக் கூடாது என்று சேர்க்கச் சொன்னவன் நீ. வீண் சண்டை வராது என்றாய், நானும் சரி என்றேன். உன் மைத்துனர் முருகையன் சாயப் பட்டறை வைத்த பிறகு, போன ஐப்பசியில் முதல் வெள்ளம் எங்களுக்கு ஊதா நிறத்தில் வந்ததை மறந்திருக்க மாட்டாய்.

மகள் சந்தனா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எங்கள் தெரு முழுவதற்கும் கால்வாய்க்கரைக் கிணறுதான். அவள் அம்மா மருதேவி எங்கள் சமண வழக்கப்படி எப்போதும்போல் துணியில் வடித்து, துணியில் தங்கிய பூச்சி புழுவைத் திரும்பக் கிணற்றிலேயே அலசி விடுகிறாள். "எறும்புக்கும் வீடு பார்த்துக் கொடுக்கிற கூட்டம்டா நீங்க" என்று நீ எங்களைக் கிண்டல் செய்ததைச் சொன்னால் இன்றும் சிரிக்கிறாள். நாள் குறித்து எழுது.

அன்புடன்,
வாசுபூஜ்யன்


கோட்டையடிப்பட்டு
28-9-1964

அன்பு வாசு,

உன் கடிதம் கண்டேன். ஊராட்சித் தலைவர் ஆனதும் நண்பனுக்கே நோட்டீஸா? இருக்கட்டும்.

மகாளய அமாவாசைக்கு மேல்மலையனூரில் கூட்டம் நெரியும். சுகாதார ஆட்கள் அத்தனை பேரையும் அங்கே போட்டுவிட்டார்கள். அமாவாசை முடிந்து புதன்கிழமை காலை நம் மாமரத்து மதகடியில் நில், ஆளோடு வருகிறேன். முருகையன் மச்சான் பெரிய குழி வெட்டி, சாயத் தண்ணீரையும் நூல் வெளுக்கும் காரத்தையும் அதில்தான் விடுகிறார். சொட்டு வெளியே போகாது என்கிறார்.

என் பாடு உனக்கெங்கே தெரியும்? பரிசோதனை என்று வாய் திறந்ததுமே மங்கை, "எங்க அண்ணன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்து எங்கிட்ட சோறு கேக்காதீங்க"ன்னு சொல்லிவிட்டாள். ஆனாலும் வருவேன். சந்தனாவுக்கு என் ஆசீர்வாதம். பிறப்பது பையனென்றால் என் பெயரை வை.

உன்,
செல்லப்பன்


சிற்றேரிப்பட்டு
10-10-1964

அன்புள்ள செல்லப்பா,

புதன்கிழமை உச்சி வெயில் வரை நின்றேன். மதகு உன் எல்லையில் இருப்பதால் இந்தப் பக்கத்துப் பனைமரத்தடியில் நின்றேன். போகிற வருகிறவர்கள் எல்லாம், "யாருக்குக் காத்திருக்கீங்க நைனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நீ வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

போகட்டும். இங்கே ஒரு நல்ல செய்தி. சில நாளாக வடித்துணியில் ஒன்றுமே தங்குவதில்லை. தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது. "ஒரு உசுருக்கும் நோவில்ல, எல்லாம் வயித்துப் பிள்ளையோட புண்ணியம்" என்று மருதேவிக்கு ஒரே பூரிப்பு. சந்தனாவுக்கு அந்தத் தண்ணீரையே மொண்டு மொண்டு கொடுக்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இரண்டு மழை பெய்தும் கிணற்றடியில் தவளைச் சத்தம் கேட்கவில்லை. அது ஏனோ மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் ஒரு நாள் சொல்.

வாசுபூஜ்யன்


கோட்டையடிப்பட்டு
15-10-1964

அன்பு வாசு,

கோபப்படாதே. புதன்கிழமை கிளம்பும் நேரத்தில் மங்கைக்குக் காய்ச்சல்.

உன் கடிதம் எனக்கு எவ்வளவு நிம்மதி கொடுத்தது தெரியுமா? நேற்றுக் கூட்டத்தில் அதை அப்படியே படித்துக் காட்டினேன். கீழூர்த் தலைவரே தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது என்று எழுதிவிட்ட பிறகு அவசரம் என்ன என்று எல்லாரும் சொன்னார்கள். பரிசோதனை தீபாவளிக்குப் பிறகு. பட்டறையில் தீபாவளி நூல் வேலை மும்முரம். குழி நிரம்பித்தான் நிற்கிறது, வேலை ஓய்ந்ததும் இன்னொன்று வெட்டுவதாக மச்சான் சொல்லியிருக்கிறார்.

தவளைக்கு உடம்பு சரியில்லை போல. நீ நிம்மதியாக இரு.

உன்,
செல்லப்பன்


சிற்றேரிப்பட்டு
20-10-1964

செல்லப்பா,

இதைக் கொண்டுவரும் ஆள் உன் கையில்தான் கொடுப்பான்.

சந்தனாவுக்கு இரண்டு நாளாக ஓயாத வாந்தி. இன்று காலை துணியை அலசக் குனிந்த மருதேவி கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். குஞ்சு மீன் எல்லாம் வெள்ளையாக மிதக்கிறது. "புண்ணியம்னு நெனச்சேனே. உள்ள உசுரே இல்லாததாலதானே துணியில வரல? எம்பொண்ணுக்கு நானே மொண்டு குடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வடித்துக் குடிக்கிறோம், நமக்கு என்ன வரும் என்று நாங்கள் இத்தனை நாள் இருந்துவிட்டோம். துணிக்குப் பூச்சிதான் தெரியும், குழி வழிந்து கால்வாயோடு கசிந்து வந்த காரம் தெரியுமா?

கிணற்றை விட்டுவிட்டோம். தெருவே ஏரியில்தான் மொள்கிறது. ஏரிக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கோட்டை மலைமேல் மேகம் கறுத்துக் கிடக்கிறது. மழை கொட்டினால் முருகையன் குழி தாங்காது. மாமரத்து மதகில் பலகையை இறக்கினால் வெள்ளம் பாறைக்காட்டுப் பக்கம் திரும்பிவிடும். பலகை உன் எல்லையில் இருக்கிறது. நான் வந்து தொட்டால், ஒப்பந்தத்தை மீறினான் என்று ஊரோடு ஊர் மோதும். நீ வா. இல்லையென்றால் இறக்கிக்கொள் என்று ஒரு வரி எழுதி இவனிடம் கொடு. இரண்டில் ஒன்று செய்.

வாசு


கோட்டையடிப்பட்டு
21-10-1964

வாசு,

ஏரித் தண்ணீரை யாரும் மொள்ள வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிட்டுப் பிறகு இதைப் படி.

விடியற்காலை மழையில் குழி உடைந்துவிட்டது. சில வாரமாக நூல் வெளுப்பு மட்டுமே நடந்ததால் இந்த முறை சாயம் இல்லை, வெறும் வெளுப்புக் காரம். தண்ணீரில் நிறமே தெரியாது. உன் கடிதம் நேற்று மாலையே என் கைக்கு வந்தது. பதில் சொல்லி அனுப்புகிறேன் என்று உன் ஆளைத் திருப்பி அனுப்பினேன். மழை வராது, காலையில் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மங்கையோடு சண்டைக்கு அஞ்சினேன், அதுதான் உண்மை. விடிந்து மதகுக்கு ஓடினேன். அதற்குள் எல்லாம் உங்கள் பக்கம் போய்விட்டது.

நேரில் வர முகமில்லாமல் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். சந்தனா எப்படி இருக்கிறாள்?

செல்லப்பன்


கோட்டையடிப்பட்டு
6-11-1964

வாசு,

தீபாவளியும் போயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பட்டறையைப் பூட்டிவிட்டேன். மங்கை பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். செஞ்சிக் கடைத்தெருவில் உங்கள் ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். நானாகக் கேட்கவும் பயமாக இருக்கிறது.

என்னைத் திட்டி எழுது. இல்லையென்றால் நான் அங்கே வருகிறேன். ஒரு தடவை சந்தனாவைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

செல்லப்பன்


ஊராட்சி அலுவலகம்,
சிற்றேரிப்பட்டு
13-11-1964

கோட்டையடிப்பட்டு ஊராட்சி உறுப்பினர் உயர்திரு செல்லப்பன் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் இரு கடிதங்களும் கிடைத்தன. முதலாவது வந்து சேர்வதற்குள் தெருவில் எல்லாரும் ஏரியில் மொண்டு முடித்திருந்தார்கள். போன ஐப்பசிபோல் ஊதாவாக வராமல் தண்ணீர் தெளிவாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தாங்கள் விசாரித்த என் மகள் உயிரோடு இருக்கிறாள். குழந்தை இறந்தே பிறந்தது. பையன்.

என் மனைவி இப்போதும் தினம் காலையில் துணியோடு கிணற்றடிக்குப் போகிறாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்பதில்லை.

தாங்கள் இங்கே வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் தனியாகக் கால் வைக்கக் கூடாது என்பது தாங்கள் சேர்க்கச் சொன்ன விதி. அன்று மழை கொட்டும்போது பனைமரத்தடியில் நின்று மதகைப் பார்த்துக்கொண்டே அந்த விதியை நான் காப்பாற்றினேன். தாங்களும் காப்பாற்ற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அ. வாசுபூஜ்யன்,
தலைவர், சிற்றேரிப்பட்டு ஊராட்சி